மாலை மாற்றல் ஒரு மூடிய திறன்

நான் பாடம் நடத்தும் எதையும் எனக்குச் செய்யத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஓர் உடற்கல்விக் கல்லூரியில் பதினோரு வருடமாக விரிவுரையாளராக இருக்கிறேன். கூடைப்பந்தை வளையத்தை நோக்கி எறியும்போது முழங்கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் அழகாக வரைந்து காட்டுவேன். பந்தைக் கையில் கொடுத்துவிட்டால், வளையத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் அது போய் வரும். மாணவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பிறகு படிப்பு முடியும்வரை மரியாதைக்காகச் சிரிக்காமல் இருப்பார்கள்.

என் பாடம் உடல் அசைவுத் திறன்களை வகை பிரிப்பது. கேட்கத்தான் பயங்கரமாக இருக்கும், விஷயம் எளிது. சுற்றிலும் எதுவும் மாறாமல் இருக்க, நம் இஷ்டத்துக்கு ஆரம்பித்து நம் இஷ்டத்துக்கு முடிக்கிற காரியம் மூடிய திறன். குண்டு எறிகிறவனை யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. எதிராளி நகர்ந்துகொண்டே இருக்க, அவனைப் பார்த்துப் பார்த்து நாம் மாறவேண்டியிருந்தால் அது திறந்த திறன். கபடியில் பாடிப் போகிறவனுக்கு ஒரு நொடிகூட நிம்மதி கிடையாது. இதுபோக, பெரிய தசைகளால் செய்வது, விரல் நுனியால் செய்வது என்று ஒரு பிரிவு. ஒரே அசைவில் முடிவது, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வருவது என்று இன்னொரு பிரிவு. அவ்வளவுதான்.

இதைப் படித்து முடித்த நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் வகை பிரிக்கும் வியாதி எனக்கு வந்துவிட்டது. அம்மா தோசை வார்ப்பது மூடிய திறன். மயிலாப்பூர் குளத்து நிறுத்தத்தில் பஸ் ஏறுவது திறந்த திறன் (நிறுத்தத்தில் நிற்பது நாம், பஸ் எங்கே நிற்கும் என்பது டிரைவருக்கே தெரியாது). ஒருநாள் அம்மா என்னிடம், "தேங்காய் துருவறது எந்த வகைடா?" என்றாள். நான் உற்சாகமாக விளக்க ஆரம்பித்ததும் துருவியையும் தேங்காய் மூடியையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு வருடங்களுக்கு முன் எனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மந்தைவெளிப் பெண். மென்பொருள் வேலை. பள்ளி நாளிலிருந்து கூடைப்பந்து ஆடுகிறவள், இன்றைக்கும் சனிக்கிழமை காலையில் அடையாறில் ஆடப் போகிறவள். ஜாதகம் எல்லாம் பொருந்தியது. நிச்சயதார்த்தத்தன்று அவளுடைய தாய்மாமா ரமணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். இரும்பைத் தூக்கித் தூக்கி உரமேறிய கையால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் குடித்த காபி மேலே வந்தது.

"மாப்ளே, நீங்க என்ன கேம் ஆடுவேள்?"

"நான் ஆடறதில்லை மாமா. வகை பிரிக்கறேன்."

"ஓஹோ. காய்கறி மாதிரியா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. நித்யாவும் சிரித்தாள், ஆனால் அவள் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். விளையாட்டுத் துறையில் இருக்கும் மாப்பிள்ளை என்று தன் அணித் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள், பாவம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ரமணி மாமா விடவில்லை. "எங்காத்துல மாலை மாத்தறதை அவ்வளவு சுலபமா விட்டுற மாட்டோம், தெரியுமோல்லியோ? பொண்ணை நான்தான் தூக்குவேன். உங்களால போட முடியுமா?"

"மூணு தடவையும் முதல் முயற்சியிலேயே போடுவேன் மாமா," என்றேன். "ஒரு தடவை தப்பினாலும் நான் படிச்ச படிப்பு வேஸ்ட்னு ஒத்துக்கறேன்."

இப்படி ஒரு சபதத்தை நிச்சயதார்த்தத்தில் செய்த முதல் மடையன் நானாகத்தான் இருப்பேன்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை முடிந்ததும் மாலை மாற்றல் நடக்கும். பெண்ணை அவளுடைய தாய்மாமாவும், பிள்ளையை அவனுடைய தாய்மாமாவும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். மேலே இருந்தபடியே இரண்டு பேரும் மூன்று தடவை மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் அதுவரை முப்பது நாற்பது கல்யாணங்களுக்குப் போயிருப்பேன். ஆனால் மாலை மாற்றல் நடக்கும் நேரத்தில் எல்லாம் நான் டிபன் பந்தியில் இருந்திருக்கிறேன். (காலையில் முதல் பந்தியில்தான் பொங்கல் சூடாக இருக்கும். அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.) ஆகவே என் மனக்கண்ணில் இருந்தது கல்யாண ஆல்பங்களில் பார்த்த காட்சி மட்டுமே. பெண் மேலே, பிள்ளை மேலே, நடுவில் மாலை. புகைப்படத்தில் யாரும் நகர்வதில்லை.

அன்றிரவே நோட்டில் எழுதினேன். மாலை மாற்றல்: மூடிய திறன், பெருந்தசைத் திறன், ஒற்றை அசைவு, வேகம் செய்பவன் கையில். நாலும் எழுதி அடியில் கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் நித்யாவின் பீரோவில், நகைகளோடு பத்திரமாக இருக்கிறது.

மூடிய திறனுக்குப் பயிற்சி என்றால், ஒரே சூழ்நிலையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் கூடத்தில் நிற்கும் ஸ்டாண்டு ஃபேனை எடுத்து ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். தோளில் உட்கார்ந்த நித்யாவின் தலை ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வரும். எதிரே இன்னொரு முக்காலியில் நான் ஏறிக்கொண்டேன். மாலைக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் ட்யூப். ஒரு வாரம் காலையும் மாலையும் எறிந்தேன். கடைசி இரண்டு நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஃபேனுக்கு எதுக்குடா மாலை போடறே? நன்னாத்தானே ஓடிண்டிருக்கு?"

அப்போது டேவிட் வந்தான். எங்கள் கல்லூரியின் வாலிபால் பயிற்சியாளன், சாந்தோம்காரன், ஆறடி இரண்டு அங்குலம். என் தாய்மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், அவர் சாஸ்திரத்துக்கு ஒரு விரலை வைத்துக்கொள்ள, என்னைத் தூக்கப்போவது டேவிட்தான் என்று ஏற்பாடு.

"இன்னா மச்சி பண்ணிகினு கீற?"

விளக்கினேன். அவன் ஃபேனைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஃபேன் நிக்குது. பொண்ணு நிக்குமா? அவங்க மாமன் தூக்கிக்கினு ஓடுவான்பா. அட்லீஸ்ட் இந்த ஃபேன இப்டிக்கா அப்டிக்கா திருப்ப வுட்டாவது போடு."

"டேவிட், நீ களத்துல கெட்டிக்காரன். தியரியை என்கிட்ட விட்டுடு."

"சரிப்பா," என்று அவன் அம்மா கொடுத்த தட்டையைத் தின்னப் போய்விட்டான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வகுப்பில் மூடிய திறனுக்கு உதாரணம் சொல்லும்போது மாலை மாற்றலையும் கரும்பலகையில் எழுதினேன். செல்வி என்ற மாணவி கை தூக்கினாள். நல்ல கபடி ஆட்டக்காரி.

"சார், பொண்ணு ஆடாதா சார்?"

"பொண்ணு என்னம்மா பந்தா? உட்காரு."

அதையே தேர்விலும் கேட்டேன். செல்வி "திறந்த திறன்" என்று எழுதியிருந்தாள். இரண்டு மதிப்பெண் குறைத்து, பக்கத்தில் "சிந்திக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதினேன்.

கல்யாணம் தி.நகரில் ஒரு மண்டபத்தில். காசி யாத்திரை முடிந்து குடையும் கையுமாகத் திரும்பி வருகிறேன், வாசலில் என் வகுப்பு முழுக்க நிற்கிறது. செல்வி முன் வரிசையில். இன்னொரு பக்கம் நித்யாவின் கூடைப்பந்து அணி, பட்டுப்புடவையிலும் பாதிப் பேர் விளையாட்டு ஷூவில். நான் அலட்சியமாகத் தலையசைத்துவிட்டு டேவிட்டின் தோளில் ஏறினேன். எதிரே ரமணி மாமா வேஷ்டியை வரிந்து கட்டி, நித்யாவைத் தூக்கி வலது தோளில் உட்கார்த்திக்கொண்டார். ஏதோ தோள் துண்டை எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரிதான் இருந்தது.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. நித்யா ஒரு நொடி பார்த்தாள், கையை நீட்டினாள், மாலை என் கழுத்தில் இருந்தது. அணி முழுக்கக் கத்தியது. நான் அசையவே இல்லை. (அசையலாம் என்றே எனக்குத் தெரியாது.)

என் முறை. பயிற்சியில் செய்தது போலவே கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, முழங்கையை உயர்த்தி, இலக்கைப் பார்த்தேன். இலக்கைக் காணோம். ரமணி மாமா நாலடி பின்னால் போயிருந்தார். டேவிட் ஓடினான். மாமா இடதுபக்கம் வந்தார். டேவிட் திரும்பினான். மாமா வலதுபக்கம் இருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு கால்!

"மச்சி, போடாத! நான் சொல்றப்ப போடு!" என்று கீழேயிருந்து டேவிட் கத்தினான்.

ஆனால் நான் ஒரு வாரம் பழகியிருந்தேன் அல்லவா? என் கை ஃபேனுக்குப் பழகின கை. அது யாரையும் கேட்காமல் எறிந்துவிட்டது.

மாலை அழகாகத்தான் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் எறிந்ததில்லை. அந்த நொடியில் நித்யா பின்னால் சாய, அவள் விழாமல் இருக்க ரமணி மாமா தலையை முன்னால் நீட்ட, சாமந்தியும் ரோஜாவுமாக இருந்த அந்தக் கனத்த மாலை கச்சிதமாக மாமாவின் கழுத்தில் விழுந்தது.

நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எழுந்த சிரிப்பில் மாடியில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கத்தியோடு இறங்கி வந்தார்கள்.

"சார், அப்படியே இருங்க! ரெண்டு பேரும் என்னைப் பாருங்க!" என்றார் புகைப்படக்காரர். சொன்னபடி நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

மாமாவின் குறும்புக்குக் கேட்க வேண்டுமா? "மாலை மாத்தறதுன்னா மாத்தணுமோன்னோ?" என்று சொல்லி, அதைக் கழற்றி என் கழுத்தில் போடப் பார்த்தார். கழற்ற வரவில்லை. மாலை நார் அவருடைய மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. டேவிட் என்னைத் தாழ்த்திக் கொடுக்க, நான் மாமாவின் காதருகே குனிந்து, விரல் நுனியால் ஒவ்வொரு நாராக எடுத்தேன். நோட்டில் இதைப் பெருந்தசைத் திறன் என்று எழுதியிருந்தேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. எங்கள் இரண்டு பேர் மூக்குக்கும் நடுவில் அரையடிதான் இடைவெளி. கழன்றதும் மாமா மாலையை எனக்குப் போட்டார். முறைப்படி மாற்றியாயிற்று.

முன்வரிசையிலிருந்து அவருடைய மனைவி ஜெயா மாமி எழுந்து நின்றாள். "அட கடங்காரா! என் ஆத்துக்காரரை என் கண் முன்னாடியே கொத்திண்டு போயிட்டியேடா!"

இந்தத் தடவை மந்திரம் சொல்லிவைக்கும் வாத்தியாரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாறது. இன்னும் மூணு பாக்கி. பொண்ணுக்குப் போடறதைத்தான் நான் கணக்குல எடுத்துப்பேன்."

நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் சுருண்டு போயிருந்தேன். சபதம் போனது போகட்டும். வகுப்பு பார்க்கிறது, செல்வி பார்க்கிறாள், அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வந்த பெண், அவள் தோழிகள் முன்னால் எப்படித் தலை நிமிருவாள்? அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"மச்சி, மாலைய பாக்காத. அந்தப் பொண்ண பாரு," என்றான் டேவிட்.

பார்த்தேன். நித்யா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் இடது கைவிரல்கள் மாமாவின் தலைக்குப் பின்னால் சும்மா இல்லை. சுண்டு விரல் நீண்டது. மாமா அந்தப் பக்கம் நகர்ந்தார். கட்டைவிரல் நீண்டது. மாமா இந்தப் பக்கம் வந்தார். அடையாறில் ஒரு சனிக்கிழமை அவள் ஆடுவதைப் பார்க்கப் போயிருந்தபோது, பந்தைத் தட்டியபடியே முதுகுக்குப் பின்னால் தன் அணிக்கு இப்படித்தான் விரல் காட்டினாள். அவர் தோளில் உட்கார்ந்திருப்பவளுக்கு, அந்தத் தோள் அசைவதை வைத்தே, அவர் எந்தப் பக்கம் போவார் என்பது அவர் போவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தாய்மாமாவைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்காக!

அந்த நொடியில்தான் நான் அவளிடம் விழுந்தேன். ஜாதகம் பொருந்தியது எல்லாம் அப்புறம்.

சுண்டு விரல் நீண்டது. "டேவிட், வலது!" என்று கத்தினேன். எங்கள் வலது அவர்களுக்கு இடது என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் அவன் பாய்ந்தான். மாமா வந்த இடத்தில் நாங்கள் ஏற்கெனவே இருந்தோம். மாலையை எறியவில்லை. கையை நீட்டி வைத்துவிட்டேன். விழுந்தது, பெண்ணுக்கு! அடுத்த இரண்டும் அப்படியே.

"சார், திறந்த திறன் சார்!" என்று பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாக அவளுக்கு இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு என் கையெழுத்தையும் போடச் சொன்னாள். போட்டேன்.

அன்றைக்கு மாலை மாற்றல் முடிந்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது நித்யாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "முதல் தடவையே காட்டியிருக்கலாமே?"

"முதல் தடவையும் காட்டினேன். நீங்க கண்ணை மூடிண்டிருந்தேள்."

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டியதில்லை. அந்த வருடம் தலை தீபாவளிக்கு மந்தைவெளிக்குப் போனேன். விடிகாலை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மனையில் உட்கார்ந்தால், பக்கத்து மனையில் ரமணி மாமா உட்கார்ந்திருக்கிறார். "எனக்கும் இது தலை தீபாவளிதானே? மாப்ளைக்குப் பட்டு வேஷ்டி உண்டுன்னா எனக்கும் உண்டு" என்று அடம்பிடித்து வாங்கியும்விட்டார். கே.கே. நகரில் அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் ஜெயா மாமி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்: "ஏன்னா, என் சக்களத்தி வந்தாச்சு! காபி நான் கலக்கட்டுமா, இல்லை அவரே கலக்கறாரா?" கூடத்துச் சுவரில் அவர்கள் கல்யாணப் படமும், அதே அளவில் அதே சட்டத்தில் நானும் மாமாவும் மாலையோடு இருக்கும் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. வீட்டுக்கு வரும் புதியவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, நாசூக்காக ஒன்றும் கேட்காமல் காபியைக் குடிப்பார்கள்.

இந்தத் தை மாதம் ரமணி மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாமாவும் மாமியும் மனையில் நின்றார்கள், வாத்தியார் மாலைகளை எடுத்துக் கொடுத்தார். மாமி கையில் வாங்கிக்கொண்டாள், ஆனால் போடவில்லை.

"எங்கே அவர்? மொதல்ல அவர் போடட்டும். நான் அப்பறம் போட்டுக்கறேன்."

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நித்யா என்னை முதுகில் கைவைத்துத் தள்ளியே விட்டாள். மாமி மாலையை என் கையில் திணித்தாள். மாமா கலச ஜலம் சொட்டச் சொட்ட, கைகூப்பி, கண்ணை மூடி, மகான் போல நின்றார். யார் பார்த்தாலும் மூடிய திறன் என்றுதான் சொல்வார்கள். நான் போடவில்லை. மாலையைப் பிடித்தபடி அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். நான் அசையவில்லை. மாமாவின் இடது தோள் ஓர் அரை அங்குலம் இறங்கியது. அந்தப் பக்கமாக அவர் சட்டென்று குனிந்து நிமிர்ந்தபோது, மாலை அவர் கழுத்தில் இருந்தது.

மண்டபம் அதிர்ந்தது. மாமா கண்ணைத் திறந்து, "எப்படிடா கண்டுபிடிச்சே?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் ஜெயா மாமி தன் மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கார். ஆத்துக்காரர் எந்தப் பக்கம் ஆடுவார்னு தெரியாமலா போயிடும்?"